கால் வலி மேலே ஏறுகிறதா? ஏறட்டும்

கேள்வி: நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை. வயது 46. பள்ளிக்கு ஸ்கூட்டரில் 17 கிலோமீட்டர் போக வேண்டும். மார்கழி முழுவதும் விடியற்காலையில் வாசலில் பெரிய கோலம் போட்டேன். தை முதல் வாரத்தில் ஒரு காலை வாளியைத் தூக்கக் குனிந்தபோது குறுக்கு பிடித்துக்கொண்டது. நான்கைந்து நாளில் அந்த வலி வலது புட்டத்திலிருந்து பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் வெளி ஓரம் வரை இறங்கியது, சுண்டுவிரல் மரத்துப்போனது. எம்ஆர்ஐ ஸ்கேனில் எல்5 – எஸ்1 இடையே டிஸ்க் பிதுங்கி வலது நரம்பு வேரை அழுத்துகிறது என்று வந்தது. மருத்துவர் வலி மாத்திரையும் நரம்பு வலிக்கான பிரிகாபலினும் இடுப்பு பெல்ட்டும் கொடுத்தார். ஐந்து வாரம் ஆகிறது. இப்போது வலி முழங்காலுக்குக் கீழே வருவதில்லை. ஆனால் இடுப்பில் முன்பைவிட அதிகமாக வலிக்கிறது. நோய் மேலே ஏறுகிறதோ என்று பயமாக இருக்கிறது. மாமியார் ஒரு மாதம் பாயில் அசையாமல் படுக்கச் சொல்கிறார். உறவினர் ஒருவர் முதுகை மிதித்துச் சரிசெய்பவரிடம் அழைத்துப்போவதாகச் சொல்கிறார். நான் தினமும் சூரிய நமஸ்காரம் செய்தவள், 11 வருடமாகப் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை கிரிவலம் போனவள். சித்ரா பௌர்ணமிக்குப் போக முடியுமா? அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, நீங்கள் பயத்தோடு எழுதியிருக்கும் அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது பயப்பட வேண்டிய செய்தி அன்று. விஷம் ஏறுவதைப் போல நோயும் கீழிருந்து மேலே ஏறும் என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறியிருப்பதால், பாதத்தில் இருந்த வலி தொடைக்கு வந்து, தொடையிலிருந்து இடுப்புக்கு வந்தால் முற்றிவிட்டது என்று கலங்குகிறோம். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் இந்த நரம்பு வலியில், அதாவது சயாட்டிகாவில், கணக்கு நேர்மாறானது. கோளாறு தொடக்கத்திலிருந்தே இடுப்பில்தான் இருக்கிறது. நரம்பு வேர் எவ்வளவு எரிச்சலுற்றிருக்கிறதோ அவ்வளவு தூரம் வலி காலில் இறங்குகிறது. எரிச்சல் தணியத் தணிய வலி சுண்டுவிரலை விட்டு, கெண்டைக்காலை விட்டு, தொடையை விட்டு, கடைசியாக இடுப்பில் வந்து நிற்கிறது. அப்படி ஒடுங்கும்போது இடுப்பு வலி சில நாள் கூடுதலாகத் தெரிவதும் உண்டு. ஆகவே ஐந்து வாரத்தில் முழங்காலுக்கு மேலே வந்துவிட்ட உங்கள் வலி, சரியான திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. இனி நீங்கள் நடப்பது, உட்கார்வது, பயிற்சி செய்வது எல்லாவற்றுக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பதைவிட, எதுவரை வலிக்கிறது என்று கேளுங்கள்.

இந்த அளவுகோல் பொருந்தாத சில நிலைமைகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் கசிவது, மலம் கழித்துவிட்டுக் கழுவும்போது அந்த இடத்தில் தண்ணீர் படுவதே தெரியாமல் மரத்திருப்பது, இரண்டு கால்களும் சேர்ந்து பலவீனமாவது ஆகியவற்றில் எது தோன்றினாலும், நள்ளிரவாக இருந்தாலும், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே போய்விட வேண்டும். அது சில மணி நேரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டிய விஷயம். நடக்கும்போது முன்பாதம் தொங்கிச் செருப்பு நழுவுகிறது என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி ஆகியவை முதுகுவலியோடு சேர்ந்து வந்தால், நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயையும் நினைத்துப் பார்த்தாக வேண்டும். இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் வீட்டில் உள்ளவர்களிடம் இந்தப் பத்தியைப் படிக்கக் கொடுங்கள். இந்த அறிகுறிகளைக் கூச்சத்தால் பலரும் மருத்துவரிடம் சொல்லாமல் விடுகிறார்கள்.

உங்களுக்கு அழுத்தப்பட்டிருக்கும் எஸ்1 என்ற நரம்பு வேர் சரியாக வேலை செய்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. சுவரில் விரல் நுனிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இடது காலை மடக்கி, வலது காலில் நின்று, குதிகாலைத் தூக்கி விரல்களில் எழும்புங்கள். பத்து முறை. பிறகு இடது காலில் அதையே செய்யுங்கள். வலது கால் நான்காவது ஐந்தாவது முறையிலேயே தளர்ந்து, குதிகால் பாதி உயரம்தான் எழும்புகிறது என்றால் தசை பலம் குறைந்திருக்கிறது என்று பொருள். எண்ணிக்கையை ஒரு தாளில் தேதியோடு குறித்துவையுங்கள். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். எண்ணிக்கை கூடினாலோ அப்படியே நின்றாலோ நாம் காத்திருக்கலாம். குறைந்துகொண்டே போனால் காத்திருக்கக் கூடாது.

இனி 'டிஸ்க் விலகிவிட்டது' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதைப் பார்ப்போம். இந்தச் சொல்லே பாதிப் பயத்தை உண்டாக்குகிறது. டிஸ்க் எங்கும் விலகுவதில்லை. மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளோடு அது இறுகப் பிணைந்திருக்கிறது. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே நுங்கு போன்ற வழுவழுப்பான பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நார் தளர்ந்த இடத்தில் உள்ளிருப்பது பின்புறமாகப் பிதுங்கி, பக்கத்தில் செல்லும் நரம்பு வேரை உரசுகிறது, வீங்க வைக்கிறது. எனவே மிதித்தோ தட்டியோ 'உள்ளே தள்ளுவதற்கு' அங்கே எதுவும் இல்லை. சுண்டுவிரல் மரத்திருக்கும் ஒருவரின் முதுகில் இன்னொருவர் ஏறி மிதிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உறவினரிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடுங்கள்.

பிதுங்கிய பகுதியை உடலே துப்புரவு செய்கிறது. வெள்ளணுக்களின் வகையைச் சேர்ந்த செல்கள் அதை அந்நியப் பொருளாகக் கருதிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. ஸ்கேனில் பயமுறுத்தும் அளவுக்குப் பெரிதாக வெளியே வந்துவிட்ட துண்டுகள்தான் பெரும்பாலும் நன்றாகச் சுருங்குகின்றன என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஸ்கேன் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் உடம்பை எடைபோடாதீர்கள். 1994-இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்காவது பிதுங்கியிருந்தது. உங்கள் விஷயத்தில் அறிக்கையும் அறிகுறியும் ஒரே நரம்பைச் சுட்டுவதால் அந்த அறிக்கைக்கு மதிப்பு உண்டு. ஆனால் நாளை வலி முழுவதும் போன பிறகும் ஸ்கேனில் ஏதாவது மிச்சம் இருக்கலாம், அதற்காக மனம் உடைய வேண்டியதில்லை.

மாமியார் சொல்வது அக்கறையால் சொல்வது. ஒரு தலைமுறைக்கு முன்பு மருத்துவர்களும் அதையேதான் சொன்னார்கள். 1999-இல் நெதர்லாந்தில் சயாட்டிகா உள்ள 183 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையிலும் மற்றவர்களை முடிந்தவரை எழுந்து நடமாடும்படியும் விட்டுப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் இரு பிரிவிலும் 87 சதவீதம் பேர் முன்னேற்றம் கண்டிருந்தார்கள். படுத்தவர்களுக்குக் கிடைத்த தனி லாபம் எதுவும் இல்லை. நஷ்டம் உண்டு, தசை இளைக்கிறது, குடல் மந்தமாகி மலச்சிக்கல் வருகிறது, முக்கும்போது வலி சுளீரென்று காலில் பாய்கிறது. வலி தாங்க முடியாத நேரத்தில் அரை மணி நேரம் படுப்பதில் தவறே இல்லை. மல்லாந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணையை வைத்துப் படுங்கள், அல்லது இடது பக்கம் ஒருக்களித்து முழங்கால்களுக்கு நடுவே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்துவிடுங்கள்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது உங்கள் மருத்துவரின் பொறுப்பு. சயாட்டிகாவுக்குப் பிரிகாபலின், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அதிகமாக உதவவில்லை என்றும் தலைசுற்றலைத்தான் அதிகமாக்கியது என்றும் 2017-இல் சிட்னியில் 209 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் என்பதால் இதைச் சொல்கிறேன். தலை கிறுகிறுக்கிறது என்றால் வண்டியை எடுக்காதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வலி மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கித் தொடர்வது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. பெல்ட்டைப் பயணத்தின்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், நாள் முழுவதும் வேண்டாம்.

இப்போது கோலத்துக்கு வருகிறேன். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் எழும்போது நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகக்கூட இருக்கிறோம். அந்த உப்பிய நிலையில் குனிந்தால் டிஸ்கின் பின்பக்க நாருக்குத்தான் இழுவை அதிகம். நீங்களோ எழுந்ததும் எழாததுமாகத் துடைப்பத்தை எடுத்துக் குனிந்து பெருக்கி, குனிந்து தண்ணீர் தெளித்து, கால் முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்தே வளைந்து, புள்ளி வைத்து இழை இழுத்து, முப்பது நாள் நாற்பது நிமிடம் அப்படியே நின்றிருக்கிறீர்கள். வாளியின் மேல் பழி போடாதீர்கள். அது கடைசித் துரும்பு மட்டுமே. எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தாலே நாள்பட்ட இடுப்பு வலி கணிசமாகக் குறைவதை ஆய்வுகளும் கண்டிருக்கின்றன. இப்போதைக்கு வாசலில் கோலத்தை வேறு யாராவது போடட்டும். அடுத்த மார்கழியில் பலரும் செய்வதைப் போல முந்தைய இரவே போட்டுவிடுங்கள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, இடது கையை மற்ற தொடையில் தாங்கி, கோலத்தைச் சுற்றி நீங்கள் நகருங்கள், எட்டி வளையாதீர்கள். துடைப்பத்துக்கு நீண்ட கைப்பிடி மாட்டிக்கொள்ளுங்கள். தரைக் கழிவறையில் குந்துவதும் இதே காலைக் கணக்கில் சேரும். சில வாரம் மேற்கத்தியக் கழிவறையையோ, நடுவில் ஓட்டையிட்ட நாற்காலியையோ பயன்படுத்துங்கள்.

பயிற்சியில் முதலாவது மிக எளிது. குப்புறப் படுங்கள். தலையணை வேண்டாம், இரண்டு மூன்று நிமிடம் அப்படியே இருங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தி இரண்டு நிமிடம் இருங்கள். அதுவும் ஒத்துக்கொண்டால், உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைத் தரையில் தளர விட்டு, மேலுடம்பை உயர்த்தி இறக்குங்கள். பத்து முறை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. உங்களுக்குப் புஜங்காசனம் பழக்கம் என்பதால் புரியும், ஆனால் இங்கே முதுகுத் தசையை இறுக்கக் கூடாது, வேலையைக் கைகளே செய்ய வேண்டும். செய்யும்போது இடுப்பு வலித்தாலும் கால் வலி மேலே சுருங்கினால் தொடருங்கள். வலி கீழே இறங்கி, எழுந்த பிறகும் அங்கேயே நின்றால் அன்றே நிறுத்துங்கள். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற இயன்முறை சிகிச்சையாளரிடம் வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த மேசையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துக் கிடக்க, அவர் எழுந்தபோது கால் வலி அடங்கியிருந்தது. மேலே ஒடுங்குவது நல்லது என்ற அளவுகோல் எங்கள் துறையில் வேரூன்றியது அந்தத் தவறிலிருந்துதான். இது எல்லோருக்கும் உரியதன்று. நின்றால், நடந்தால் இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னே சாய்ந்தாலோ நிம்மதி கிடைக்கும் முதியவர்களுக்குத் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். அவர்களைப் பின்னால் வளைத்தால் வலி கூடும். ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

சூரிய நமஸ்காரத்தில் மூன்றாவதும் பத்தாவதுமான நிலைகளில் குனிந்து பாதத்தைத் தொடுகிறோம். இந்த இரண்டும் இப்போதைக்கு உங்களுக்கு ஆகாது. பின்தொடை இறுகிவிட்டது என்று நினைத்துக் காலை நீட்டி இழுப்பவர்களும் உண்மையில் வீங்கிய நரம்பைத்தான் இழுக்கிறார்கள். கால் வலி முற்றிலும் அடங்கி ஒரு மாதம் ஆன பிறகு, காலையில் அல்லாமல் மாலையில், முட்டியை லேசாக மடக்கிக்கொண்டு திரும்பத் தொடங்கலாம். அதுவரை பாலம் போல இடுப்பைத் தூக்குவது, முட்டி போட்டு எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது ஆகிய இரண்டையும் அருகில் உள்ள ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தில் படித்துச் செய்தால் தவறாகத்தான் வரும்.

நடை உங்களுக்கு மருந்து. சமதளத்தில் பத்து நிமிடம், காலையில் குளித்த பிறகு ஒன்று, மாலையில் ஒன்று. மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். வலி முழங்காலைத் தாண்டி இறங்கி, நடையை முடித்து அரை மணி ஆகியும் திரும்ப ஏறவில்லை என்றால், மறுநாள் முந்தைய அளவுக்குப் போங்கள், நடையையே விட்டுவிடாதீர்கள். இந்தக் கணக்கில் பங்குனி முடிவதற்குள் ஒரே மூச்சில் நாற்பது நிமிடத்தை நெருங்கிவிடலாம். வலி குணமான பிறகும் இதை விடக் கூடாது என்பதற்கு 2024-இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஆய்வைச் சொல்வேன்: இடுப்பு வலியிலிருந்து மீண்டவர்களில் முறையாக நடைப்பயிற்சி கற்றுக்கொண்டவர்களுக்கு மறுபடி வலி வர நடுவளவில் 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். அவர்கள் சாதாரண இடுப்பு வலிக்காரர்கள், உங்களைப் போல நரம்பு வலிக்காரர்கள் அல்லர். இருந்தாலும் இதைவிடச் செலவில்லாத மருந்து எனக்குத் தெரியாது.

ஸ்கூட்டரைவிட எனக்குக் கவலை தருவது விடைத்தாள் திருத்தும் பணிதான். வண்டியைச் சில வாரம் விட்டுவிட்டுப் பேருந்தில் போகலாம், கடைசி இருக்கையில் மட்டும் உட்காராதீர்கள், தூக்கிப்போடும். ஆனால் பொதுத்தேர்வு முடிந்து, மையத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னே குனிந்து நாள் முழுவதும் உட்காரும்போது, குணமாகிக்கொண்டிருந்த ஆசிரியர்கள் மறுபடி என்னிடம் வந்து நிற்பதை ஏப்ரல் தோறும் பார்க்கிறேன். ஒரு துண்டை இறுகச் சுருட்டி இடுப்பு வளைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளை ஒரு அட்டையின் மேல் சாய்வாக வைத்து, அது உங்களை நோக்கி வரும்படி செய்யுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கைகளை வைத்து ஐந்து முறை பின்னால் வளையுங்கள். பக்கத்து மேசைக்காரர் என்ன நினைப்பார் என்று பார்க்காதீர்கள். அவரும் ஓரிரு நாளில் சேர்ந்து எழுவார்.

அறுவை சிகிச்சை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 2007-இல் நெதர்லாந்தில், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையான சயாட்டிகாவோடு இருந்த 283 பேரை ஒப்பிட்டபோது, சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி விரைவாகப் போனது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 சதவீதம் பேர் பொறுக்க முடியாமல் பின்னர் அறுவை சிகிச்சைக்குப் போனதும் உண்மை, அதை ஒரு தோல்வியாக நான் கருதவில்லை. உங்களுக்கு வலி தானாகவே மேலே ஒடுங்கிவருவதால், பலம் குறையாத வரை கத்தியைப் பற்றி இப்போது யோசிக்கத் தேவையில்லை.

சித்ரா பௌர்ணமியில் 14 கிலோமீட்டர் வேண்டாம். தூரத்தைவிடக் கூட்டம்தான் காரணம். நெரிசலில் அடிமேல் அடி வைத்து மணிக்கணக்கில் ஊர்வது, வீசி நடப்பதைவிட இடுப்பை அதிகமாக வாட்டும். அன்றைக்கு வண்டிப் போக்குவரத்துக்கும் கட்டுப்பாடு இருப்பதால், நடுவழியில் கால் பிடித்துக்கொண்டால் வெளியே வருவது பெரும்பாடு. அதற்குப் பதிலாகச் சித்திரையில் ஒரு சாதாரண நாள் விடியற்காலையில், எழுந்து ஒரு மணி நேரம் கழித்து, மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு மீதியை ஆட்டோவில் சுற்றுங்கள். அண்ணாமலையார் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். நடை நாற்பது நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரமாக வளர்ந்த பிறகு, எட்டு லிங்கங்களையும் எட்டு ஓய்விடங்களாக வைத்து முழுச் சுற்றையும் முயலலாம். ஆவணிக்குள் அது கைகூடும் என்றே நினைக்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கிரிவலம் வெறுங்காலில் போவது. உங்கள் வலது பாதத்தின் வெளி ஓரம் இன்னும் மரத்திருக்கலாம். வலி போன பிறகும் மரமரப்பு பல மாதம் தங்குவது வழக்கம். சித்திரை வெயிலில் தார்ச்சாலை சுட்டாலும் கல் குத்தினாலும் அந்த ஓரத்துக்குத் தெரியாது. ஒரு பஞ்சை இரண்டு பாதத்தின் ஓரத்திலும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். வலதில் உணர்வு குறைவாக இருந்தால் கனமான பருத்திக் காலுறையோடு, வெயில் ஏறுவதற்குள் நடையை முடித்து, வீடு திரும்பியதும் உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சூடான ஒத்தடத்தையும் அந்தப் பகுதியில் வைக்காதீர்கள், இடுப்பில் மட்டும் வையுங்கள். மரமரப்பு இரண்டு பாதங்களிலும் ஒரே அளவில் இருந்தால் அது சர்க்கரையாலும் இருக்கலாம், ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் படத்தோடு, குதிகால் எண்ணிக்கையைக் குறித்த அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.